குடலுக்குக் கொண்டுபோன சீர்

புதிதாக ஒன்றைப் படித்துவிட்டு அதை வாய்க்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களைக் கல்யாண வேலைக்குச் சேர்க்கவே கூடாது. பந்தியில் இலை போடக்கூட விடக்கூடாது என்பது என் கருத்து. (என்னை வைத்துத்தான் சொல்கிறேன். வேறு யாரையும் இழுக்கவில்லை, நிம்மதியாகப் படியுங்கள்.)

அப்போது நான் நீலாயில் ஒரு ஆய்வுக்கூடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மனிதக் குடலில் வாழும் பாக்டீரியாக்களைப் பற்றிய ஆய்வு. என் வேலை பெரும்பாலும் கண்ணாடிக் குழாய் கழுவுவதும் மாதிரிப் புட்டிகளில் எண் ஒட்டுவதும்தான். ஆனால் சிரம்பானில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே நுழைந்ததும் நான் பேராசிரியர் ஆகிவிடுவேன்.

விஷயம் இதுதான். நாம் சாப்பிடுவதில் நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்தும், ஒருவகை மாவுச்சத்தும் நேராகப் பெருங்குடலுக்குப் போய்விடுகின்றன. அங்கே கோடிக்கணக்கில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அவற்றைத் தின்று குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் என்று சில பொருட்களை உண்டாக்குகின்றன. அவற்றில் பியூட்டிரேட் என்று ஒன்று. குடலின் உட்சுவருக்கு முக்கியமான சாப்பாடே அதுதான். இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதையும் பசியையும் கட்டுக்குள் வைக்க இந்த அமிலங்கள் ஓரளவு உதவக்கூடும் என்பார்கள். நான் 'ஓரளவு', 'உதவக்கூடும்' ஆகிய இரண்டையும் ஆய்வுக்கூடத்திலேயே விட்டுவிட்டு மீதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

எங்கள் வீட்டில் சூடான சோறு நின்றுபோனது. சோற்றை வடித்துக் குளிர்பெட்டியில் வைத்து ஆறவிட்டால் அந்தச் செரிக்காத மாவுச்சத்து கூடும் என்று நான் சட்டம் போட்டிருந்தேன். அம்மா ஒரு வாரம் பொறுத்தார். பிறகு தட்டை நகர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்குச் சுடச்சுடப் போடு. ஒன் பாக்டீரியாவுக்கு நீ தனியா பொங்கிக்க."

இந்த நிலைமையில்தான் என் அண்ணன் முரளிக்கு நிச்சயதார்த்தம் வந்தது. பெண் சுகன்யா. சுவா என்ற ஊருக்கு உள்ளே போனால், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்று. அங்கேதான் அவர்கள் வீடு. இருவரும் வேலை செய்யும் இடத்தில் பழகி, விரும்பி, இரண்டு வீட்டிலும் சொல்லி, ஒப்புதல் வாங்குவதற்குள் அண்ணனுக்கு முன்தலை முடி பாதி போய்விட்டது. சுகன்யாவின் அப்பா ராமையா மாமா சாது. தடையாக இருந்தவர் அவளுடைய தாய்மாமன். தோட்டத்தில் மண்டோராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் மண்டோர் மாமாதான். மண்டோர் என்றால் ஆட்களை வேலை வாங்குகிறவர். செம்பனைக் குலை பழுத்திருக்கிறதா என்று பார்த்து, பழுக்காத குலையை எவனாவது வெட்டிப் போட்டிருந்தால் கூலியில் பிடிக்கிற மனுஷர். அவருக்குக் கல்யாண வயதில் ஒரு மகன் வேறு இருந்தான். முறைப்பெண் கைவிட்டுப் போகிறாளே என்று அவர் மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருப்பதாக ஊரே பேசியது.

"ஒரு சின்னக் குத்தம் கெடச்சாலும் போதும், அவரு தட்டைத் திருப்பி அனுப்பிடுவாரு. பாத்து நடந்துக்குங்க," என்று அண்ணன் எங்களை ஒரு மாதமாக மிரட்டிக்கொண்டிருந்தான்.

வரிசைத் தட்டுக்கு நான் பொறுப்பு. மாப்பிள்ளையின் தங்கை, படித்த பெண், அழகாக ரிப்பன் கட்டுவாள் என்று அம்மாவே கொடுத்த பொறுப்பு. மொத்தம் ஏழு தட்டு: புடவை, பூ, வெற்றிலை பாக்கோடு தேங்காய் மஞ்சள், வாழைப்பழம், கற்கண்டு, லட்டு, கேக்.

இதில் என்ன கெட்டது என்று கேட்பீர்கள். ராமையா மாமாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. போதாக்குறைக்கு அந்த வருஷம் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்திருந்தார். அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்கு லட்டும் கேக்கும் கற்கண்டும் தூக்கிக்கொண்டு போவதா? என் படிப்பு என்னாவது? என் பாக்டீரியாக்கள் என்னை மதிக்குமா?

யாரிடமும் சொல்லாமல் தட்டை மாற்றினேன். பழுத்த வாழைப்பழத்தில் மாவுச்சத்தெல்லாம் சர்க்கரையாக மாறியிருக்கும். ஆகவே பழத்துக்குப் பதில் காய். சிரம்பான் பாசாரில் கடை கடையாகத் தேடி, இருப்பதிலேயே பிஞ்சாக, கல் மாதிரி இருந்த மொந்தன் வாழைக்காய் மூன்று சீப்பு வாங்கினேன். கற்கண்டுக்குப் பதில் தீட்டாத பச்சரிசி ஒரு பக்கம், பாசிப்பருப்பு ஒரு பக்கம். லட்டுக்குப் பதில், பெயருக்கு இனிப்புப் போட்டு நானே பிடித்த எள்ளுருண்டை, கறுப்பு எள்ளில். கேக்கை அடியோடு தூக்கிவிட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு வலைத்துணியை உள்ளே இருப்பது தெரியாதபடி மடித்துப் போட்டு, ரிப்பன் கட்டி, முத்து ஒட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, "அடடா, ராசாத்தி!" என்று கன்னத்தைத் தடவினார். (அம்மா என்னை ராசாத்தி என்று கூப்பிட்டது அதுதான் கடைசி.)

தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். வாசலில் பந்தல், உள்ளே பாய், பாய் நிறைய ஆட்கள். தட்டுகளை வரிசையாக வைத்தோம். மண்டோர் மாமா எழுந்து வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, குலை எண்ணிப் பழகிய கண்.

"ரெண்டு, நாலு, ஆறு." நிறுத்தினார். மறுபடி எண்ணினார். "ஆறா?"

நல்ல காரியத்துக்குத் தட்டு ஒற்றைப்படையில்தான் போகவேண்டும் என்பது எங்கள் ஆட்களில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். கேக்கின் மேல் இருந்த கோபத்தில் எனக்கு மறந்துபோயிருந்தது. அம்மா திரும்பி என்னைப் பார்த்தார்.

"கேக் ஒடம்புக்கு ஆகாது மாமா, அதான் எடுத்துட்டேன்," என்றேன், சிரித்த முகமாக.

அவர் குனிந்து ஒரு வலைத்துணியை விலக்கினார். வாழைக்காய்.

"என்னாம்மா இது?"

"வாழை, மாமா."

"அது தெரியுது லா. காயா, பழமா?"

"காய்தான். வேணும்னேதான் நல்லா பிஞ்சா பாத்து வாங்குனேன்."

சர்வீஸ் பூராவும் பழுக்காத குலையைக் கண்டால் சீறிய மனிதரிடம் போய், வேண்டுமென்றே பிஞ்சு கொண்டுவந்தேன் என்று பெருமையாகச் சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அவர் அடுத்த துணியை விலக்கினார். பச்சரிசி, பாசிப்பருப்பு. அதற்கடுத்தது எள்ளுருண்டை. கறுப்பாக, பளபளவென்று.

சுகன்யாவின் அம்மா "ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அப்போதும் ஒன்றும் புரியவில்லை. என் அலங்காரத்தைப் பார்த்து மலைத்துப்போய்விட்டார்கள் என்றே நினைத்தேன்.

மண்டோர் மாமா நிமிர்ந்தார். "பச்சரிசி, வாழைக்காய், பருப்பு, எள்ளு. ஒண்ணு விடாம வந்திருக்கு. இப்ப சொல்லுங்க, இங்க யாருக்குக் கருமாதி?"

அடக்கடவுளே! இறந்தவருக்குப் பதினாறாம் நாள் காரியம் செய்யும்போது ஐயருக்குத் தானமாகக் கொடுக்கும் தட்டு அப்போதுதான் என் கண்ணுக்குள் வந்தது. எத்தனை கருமாதிக்குப் போயிருக்கிறேன்! போன இடத்திலெல்லாம் கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தால் இதெல்லாம் எப்படித் தெரியும்? ஆறு மாதத்துக்கு முன்னால் நெஞ்சுவலி வந்து பிழைத்த மனிதர் வீட்டு வாசலில் அவருடைய கருமாதிச் சாமானை ரிப்பன் கட்டி, முத்து ஒட்டி இறக்கியிருந்தேன். ராமையா மாமா தன் நெஞ்சை மெல்லத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

இந்த இடத்தில் மூளை உள்ள எவளும் காலில் விழுந்திருப்பாள். நான் விளக்கம் கொடுத்தேன்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. இது ராமையா மாமாவோட பெருங்குடலுக்கு. அங்க நல்ல பாக்டீரியா இருக்கு. அதுங்களுக்குச் சாப்பாடு போட்டா பியூட்டிரேட்னு ஒண்ணு தரும். வாழைக்காயில இருக்கிற மாவு செரிக்காம நேரா கீழ போயி..." என்று என் கை தானாகவே கீழே போகும் பாதையைக் காட்டத் தொடங்கியது. நிறைந்த சபையில், வருங்காலச் சம்பந்தியின் வயிற்றுக்கு நேராக.

"ஏம்மா, பொண்ணுக்குச் சீர் கொண்டு வருவாங்க, கேட்டிருக்கேன்," என்றார் மண்டோர் மாமா. "எங்க மச்சான் கொடலுக்கு நீ எதுக்கும்மா சீர் கொண்டு வர்ற?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டுச் சட்டென்று இருமினார்கள். அதற்குள் ராமையா மாமாவின் குரல் மெதுவாக வந்தது. "அப்ப லட்டு இல்லையாம்மா?" பிறகுதான் தெரிந்தது, மகளின் நிச்சயதார்த்தத்துக்காக ஒரே ஒரு லட்டு தின்ன மனைவியிடம் அனுமதி வாங்கி வைத்திருந்தாராம். பாவம், மனிதர் அதற்காகவே காலையில் பசியாறாமல் உட்கார்ந்திருந்தார்.

அம்மா கையைப் பிசைந்தார், கெஞ்சினார். அண்ணனின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவராகிவிட்டது. மண்டோர் மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். வாழைக்காய் மூன்று சீப்பையும் ராமையா மாமா வீட்டுப் பின்கட்டில் கட்டித் தொங்கவிடுவது. மேலே மஞ்சள் துணி சுற்றி முடிச்சுப் போடுவது. அடுத்த வளர்பிறையில் நல்ல நாள் பார்த்து அவிழ்ப்பது.

"மூணு சீப்பும் பழுத்திருந்தா, நம்ம ஆத்தா சரின்னு சொல்லிட்டான்னு அர்த்தம். தாம்பூலம் மாத்திக்கலாம். பழுக்கல, அழுகிப்போச்சுன்னா, இந்தச் சம்பந்தம் வேணாம். யாரும் துணியில கை வைக்கக்கூடாது."

கார் லுக்குட் ஊரைத் தாண்டியது. பிறகு அண்ணன் திரும்பிப் பார்க்காமலே கேட்டான்: "அது பழுக்குமா?"

"பழுக்கும் அண்ணே," என்றேன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நான் பட்ட பாடு இருக்கிறதே! மாவுச்சத்து சர்க்கரையாக மாறக்கூடாது என்று வீடு வீடாகப் பிரச்சாரம் செய்தவள், மாறு மாறு என்று சாமி அறையில் விளக்கேற்றி உட்கார்ந்தேன். ஆய்வுக்கூடத்தில் யாராவது 'செரிக்காத மாவுச்சத்து' என்று சொன்னாலே எழுந்து வெளியே போய்விடுவேன். பழுத்த ஆப்பிளைப் பக்கத்தில் வைத்தால் அதிலிருந்து வரும் வாயு காயைப் பழுக்கவைக்கும் என்று நினைவு வந்து, சுகன்யாவுக்குச் செய்தி அனுப்பினேன். அவள் ஒரு ஆப்பிளைத் துணிக்குள் நுழைத்தாள். மறுநாள் ஆப்பிளைக் காணோம். ராமையா மாமா தின்றுவிட்டார்.

சில நாள் கழித்து அவள் துணியின் ஓரத்தைத் தூக்கி ஒரு படம் எடுத்து அனுப்பினாள். அண்ணன் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தான். காய் மூன்று சீப்பும் சுருங்கி, காம்பு கறுத்து, பச்சையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல் தொங்கின. முற்றாத பிஞ்சு எங்கே பழுக்கும்? வதங்கத்தான் செய்யும். பாசார் முழுக்க அலைந்து பிஞ்சு தேடியது நான்.

அண்ணன் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் அவகிட்ட என்னன்னு சொல்றது?" என்று மட்டும் கேட்டான். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். என் அதிகப்பிரசங்கித்தனத்தால் அவன் வாழ்க்கை போகிறதே!

குறித்த நாள் வந்தது. அம்மா தானே முன்னின்று ஏழு தட்டு கட்டினார். என்னைத் தட்டுப் பக்கம் விடவில்லை. வேனில்கூடத் தட்டுக்கு எதிர்வரிசையில்தான் உட்காரவைத்தார். நான் வாயைத் திறந்தால் கிள்ளுவதற்கென்று பக்கத்தில் அவரே உட்கார்ந்துகொண்டார்.

தோட்டத்தில் போன முறையைவிடக் கூட்டம் அதிகம். வாழைக்காய் பழுக்கிறதா என்று பார்க்கப் பக்கத்துத் தோட்டத்திலிருந்தெல்லாம் மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்கள். துணி சுற்றிய மூட்டையைக் கூடத்துக்குக் கொண்டுவந்து உத்தரத்தில் மாட்டினார்கள். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டான். மண்டோர் மாமா முடிச்சை அவிழ்த்தார். துணி விழுந்தது.

மூன்று சீப்பும் பழுத்திருந்தன! கொழுகொழுவென்று, மஞ்சள் மஞ்சளாக. "ஆத்தா!" என்று யாரோ ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

நானும் கையெடுத்துக் கும்பிடப் போனேன். அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். நான் வாங்கியது மொந்தன். இங்கே முதல் சீப்பு விரல் நீளத்தில் எமாஸ் பழம். இரண்டாவது நீளநீளமாகப் பெராங்கான். மூன்றாவது குட்டையாக, மெல்லிய தோலோடு ரஸ்தாளி. ஒரே வாழைக்காய் மூன்று சாதியாகப் பழுத்துத் தொங்கியது.

"அம்மா, அறிவியல்படி இது..." என்று தொடங்கினேன். அம்மா கிள்ளிய கிள்ளில் அறிவியல் அங்கேயே நின்றது.

கூட்டத்துக்கும் விஷயம் மெல்லப் புரிந்தது. முணுமுணுப்பு எழுந்தது. உள்ளறை வாசலில் நின்ற சுகன்யா தலையைக் குனிந்துகொண்டாள். எமாஸ் அவள் வேலை. ஒரே நாளில் எல்லாம் பழுத்தால் மாமாவுக்குச் சந்தேகம் வருமென்று முதலில் ஒரு சீப்பை மட்டும் மாற்றியிருக்கிறாள். அடுத்ததை மாற்றத் துணியைத் தூக்கினால், இரண்டாவது சீப்பு ஏற்கனவே பெராங்கானாகப் பழுத்திருந்தது. அப்பா ஆப்பிள் தின்ன வந்த இடத்தில் அவள் மாற்றியதைக் கண்டுபிடித்து, மகளுக்காகத் தன் பங்குக்கு ஒன்றை மாற்றிவிட்டார் என்று அவளுக்குப் புரிந்தது. மூன்றாவதை மாற்றப் போனபோது அதுவும் பழுத்திருந்தது. அதையும் அப்பாதான் செய்தார் என்று அவள் நினைத்தாள். அவரோ மகள் செய்ததென்று நினைத்திருந்தார்.

இப்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் இல்லை என்று லேசாகத் தலையசைத்தாள். அவரும் இல்லை என்று தலையசைத்தார். பிறகு ராமையா மாமா அந்த மூன்றாவது சீப்பையே உற்றுப் பார்த்தார்.

"மச்சான்," என்றார் தயங்கித் தயங்கி, "இந்தத் தோட்டத்துலயே ரஸ்தாளி மரம் ஒரே வீட்டுலதான இருக்கு?"

எல்லோரும் மண்டோர் மாமாவைப் பார்த்தோம். அவர் கூரையைப் பார்த்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, தோட்டத்தில் குலை இறக்கும் மேடையில் நின்று ஆட்களைப் பார்த்துக் கத்திய அதே தொண்டையில் கத்தினார்:

"பழுத்திருக்கா இல்லையா? அத மட்டும் பாருங்க! எந்த மரம்னு எவன் கேட்டான்?"

கூடம் ஆரவாரத்தில் அதிர்ந்தது. அண்ணன் எழுந்துபோய் அவர் காலில் விழுந்தான். எழுந்திருக்கவே மாட்டேன் என்றான். "எந்திரி மாப்ள, வேட்டிய இழுக்காத," என்று அவர் திட்டிக்கொண்டே தூக்கினார். சுகன்யா ஓடி வந்து அவர் தோளில் சாய்ந்து அழுதாள். அவர் அவள் தலையைத் தடவி, யாருக்கும் கேட்காது என்று நினைத்து மெதுவாகச் சொன்னது எனக்குக் கேட்டது.

"நீ சோறு திங்காம கெடந்தியே பிள்ள. சாமி பழுக்க வைக்கட்டும்னு நான் எத்தன நாளு காத்திருக்கிறது?"

தாம்பூலம் மாற்றியாயிற்று. ராமையா மாமாவுக்கு ஒரு லட்டு கிடைத்தது. அதை அவர் ஒரு மணி நேரம் தின்றார். கிளம்பும்போது மண்டோர் மாமா என்னைக் கூப்பிட்டு, "நீ நல்லா படிச்ச பொண்ணு. நல்லா இரு. ஆனா தட்டுப் பக்கம் மட்டும் வராத," என்றார்.

அண்ணனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். இருவரும் என்னைப் பாக்டீரியா அத்தை என்றுதான் கூப்பிடுகிறார்கள். குடும்பத்தில் எந்த விசேஷம் வந்தாலும் எனக்குத் தரும் ஒரே பொறுப்பு வாசலில் செருப்பைப் பார்த்துக்கொள்வது. "பாத்து லா, செருப்பும் ஒத்தப்படையில போயிடப் போகுது," என்று அண்ணன் ஒவ்வொரு தடவையும் சொல்வான். எல்லோரும் ஒவ்வொரு தடவையும் சிரிப்பார்கள்.

போன மாதம் தெமியாங்கில் ஒரு வளைகாப்பு. வழக்கம்போல வாசலில் நின்றிருந்தேன். முன்பின் தெரியாத ஒரு பெரியம்மா செருப்பைக் கழற்றியபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உசுரோட இருக்கிற மனுசனுக்குக் கருமாதிச் சாமான் தூக்கிட்டுப் போன பொண்ணு நீதானா?"

"ஆமாங்க," என்றேன். இதற்கெல்லாம் வெட்கப்பட்டால் எங்கள் வட்டாரத்தில் நான் வெளியே தலைகாட்ட முடியாது.

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போய், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எனக்கும் இனிப்பு நீருதான். அந்த வாழைக்காயி நெசமாவே நல்லதாம்மா?"

எத்தனை வருஷம் கழித்து ஒரு ஆள் கேட்கிறார்! நான் பெருமூச்சு விட்டு, நிமிர்ந்து நின்று, "அதாவது பெரியம்மா, நம்ம பெருங்குடல் இருக்கில்லையா..." என்று வாயைத் திறந்தேன்.

உள்ளே வளையல் போட்டுக்கொண்டிருந்த அம்மா எப்படித்தான் கேட்டாரோ, பாதி வளையலோடு வெளியே ஓடி வந்துகொண்டிருந்தார்.